இயங்க மறுக்கும் யூ.எஸ்.பி. அட்டை

தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியமர்ந்துள்ள நம்மவர் இல்லங்களில், ஊரை நினைவூட்டும் பொருள்கள் சில எப்பொழுதும் இருக்கும். குத்துவிளக்கு, வெண்கலப் பானை, பெரியவர்களின் படம் என்ற அந்த வரிசையில் இந்நாளில் கைக்கடக்கமான ஒரு கறுப்புப் பெட்டியும் சேர்ந்துவிட்டது. ஹார்டு டிஸ்க் என்று நாம் அதை அழைக்கிறோம். திருமணப் படங்களும், திருவிழாக் காட்சிகளும், மறைந்தவர்களின் குரலும் அதற்குள்ளே அடங்கியிருக்கின்றன. ஒரு நாள் அதைக் கணினியில் செருகுகிறோம். கணினி அதை அறிந்துகொள்ள மறுக்கிறது. அப்பொழுது உண்டாகும் மனக்கலக்கத்தை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

அந்தக் கலக்கம் எனக்கும் நேர்ந்தது. என் அன்னையார் 2017-ஆம் ஆண்டில் காலமானார். அதற்கு முந்திய இரண்டு கோடை விடுமுறைகளில், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில், அவர் பாடிய தாலாட்டுக்களையும், நடவுப் பாட்டுக்களையும், உற்றார் உறவினர் பற்றிச் சொன்ன பழங்கதைகளையும் ஏறத்தாழ முப்பது மணி நேரம் பதிவு செய்து வைத்திருந்தேன். அவையும் குடும்பத்துப் படங்களும் காணொளிகளும் சேர்ந்து ஒரே டிஸ்க்கில் எழுநூறு ஜி.பி. அளவுக்கு இருந்தன. மறுபிரதி இல்லை. அதை எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில், நான்கு போர்ட்டுகள் கொண்ட யூ.எஸ்.பி. விரிவாக்க அட்டை ஒன்றைத் தலைநகரத்துக் கடைத்தெருவில் வாங்கி வந்து, லினக்ஸ் ஓடும் என் பழைய மேஜைக் கணினியில் பொருத்தினேன். மவுஸ் இயங்கிற்று. பென் டிரைவ் இயங்கிற்று. ஆனால் டிஸ்க்கைச் செருகியதும் உள்ளே டிக், டிக் என்று ஓர் ஒலி; திரையில் ஒரு கணம் தோன்றிய அதன் பெயர் மறுகணம் மறைந்துவிட்டது.

அட்டையை விற்றவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். டிஸ்க் போய்விட்டது என்றும், ‘ஃபார்மட்’ செய்து பார்க்கலாம், இல்லையேல் புதியது வாங்கிக்கொள்ளலாம் என்றும் அவர் கூறினார். ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு வெறுமையாக்குவது என்பதை நேயர்கள் அறிவார்கள். ‘சரி’ என்ற சொல் என் நாவின் நுனி வரை வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் குடியிருப்பில் அடுத்த வரிசையில் தந்தி இலாகாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாமா என்றே அவரை எல்லோரும் அழைப்போம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சென்றேன். “தம்பி, சென்னைக்கும் தில்லிக்கும் நடுவே கம்பி அறுந்தால் சென்னை ஆபீசை இடித்துவிட்டா கட்டுவோம்? எந்த ஸ்டேஷன் வரைக்கும் பேச்சு போகிறது என்று பாருங்கள்” என்றார்.

எங்கள் ஊர் காவிரியின் கடைமடை. வாய்க்காலில் நீர் வராத ஆண்டுகளில் பெரியவர்கள் மண்வெட்டியோடு தலைமடையிலிருந்து நடந்து வருவார்கள். எந்த மதகு வரை நீர் நிற்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். வயலைக் குறை கூறுவது கடைசியில்தான். யூ.எஸ்.பி. அட்டையிலும் அதே முறைதான் பலிக்கிறது. ஆகவே வாய்க்காலின் போக்கை முதலில் தெரிந்துகொள்வோம்.

கணினியின் தாய்ப்பலகையாகிய மதர்போர்டில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எனப்படும் ஸ்லாட் இருக்கிறது. அட்டை அதிலே அமர்கிறது. அட்டையின் நடுவில் கன்ட்ரோலர் என்ற ஒரு சில்லு. போர்ட்டுகளில் செருகப்படும் சாதனங்களோடு பேசுவது அதன் தொழில். அந்தச் சில்லை வேலை வாங்குவதற்கு லினக்ஸின் உட்கருவாகிய கெர்னலில் ஒரு நிரல் உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர். பிறகு கேபிள். கேபிளின் மறுமுனையில் டிஸ்க். இந்த ஐந்தில் எது கெட்டாலும் திரையில் தெரியும் விளைவு ஏறக்குறைய ஒன்றே. இதனால்தான் கடைக்காரர்கள் ஏமாறுகிறார்கள், நாமும் ஏமாறுகிறோம். (டிரைவர் என்பதை ‘ஓட்டுநர்’ என்று மொழிபெயர்த்து வரும் தாள்களை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். ‘பஸ்’ என்பதைப் பேருந்து என்று பெயர்த்து, பேருந்தில் ஓட்டுநர் இல்லை என்று முடித்த ஒரு வாக்கியத்தையும் திருத்தியிருக்கிறேன். இயக்கி என்ற சொல் இப்பொழுது நிலைபெற்று வருகிறது; எனினும் பேச்சில் வழங்குவது டிரைவர் என்பதே.)

மாமா சொன்னபடி நான் செய்த முதற்காரியம், டிஸ்க்கைப் புதிய அட்டையிலிருந்து எடுத்து, கணினியின் பின்புறத்தில் மதர்போர்டோடு சேர்ந்தே இருக்கும் பழைய போர்ட்டில் செருகியதுதான். டிஸ்க் உடனே எழுந்து நின்றது. உள்ளே இருந்தவை அனைத்தும் ஒழுங்காகத் தெரிந்தன. அப்படியானால் வயலில் குற்றமில்லை, அடைப்பு வாய்க்காலில். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். டிஸ்க் ஏதேனும் ஒரு வழியில் படிக்கக் கிடைத்துவிட்டால், பழுது பார்க்கும் ஆர்வத்தை அப்படியே நிறுத்திவிட்டு, திரும்பப் பெற முடியாதவற்றை முதலில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். அன்னையாரின் குரல் இருந்த தொகுதியை அன்று இரவே பழைய போர்ட் வழியாக நகலெடுத்தேன். பழைய போர்ட் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த யூ.எஸ்.பி. 2.0 வகை. நடைமுறையில் விநாடிக்கு முப்பது எம்.பி. கிடைத்தால் பெரிது; எழுநூறு ஜி.பி. முழுவதற்கும் ஆறரை மணி நேரம் ஆகும். 2008-இல் வந்த 3.0 வகையில், டிஸ்க் விநாடிக்கு நூறு எம்.பி. தருமானால், அதே வேலை இரண்டு மணி நேரத்தில் முடியும். அட்டையைச் சரிசெய்வதில் எனக்கிருந்த அக்கறை இதனால் வந்தது.

இனித் தலைமடையிலிருந்து நடப்போம்.

அட்டை ஸ்லாட்டில் இருப்பதைக் கணினி அறிந்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. டெர்மினல் என்ற கட்டளைத் திரையைத் திறந்து, எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துக்களைச் சிறிய எழுத்தில் சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் என், என், கே என்ற மூன்று எழுத்துக்களும் அடிக்க வேண்டும். மதர்போர்டில் தங்கியிருக்கும் சாதனங்களின் பட்டியல் வரும். அதில் ‘யூ.எஸ்.பி. கன்ட்ரோலர்’ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். மதர்போர்டுக்கே உரிய கன்ட்ரோலர்களும் அதில் இருக்கும் ஆதலால், அட்டையைக் கழற்றிவிட்டு ஒரு முறையும் பொருத்தி ஒரு முறையும் பார்த்தால் புதிதாகச் சேர்ந்த வரி எது என்பது ஐயமின்றித் தெரியும்.

வரியே வரவில்லை என்றால் லினக்ஸைக் குறை கூறிப் பயனில்லை. அட்டை சரியாக அமரவில்லை, அல்லது ஸ்லாட் பயோஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கிறது, அல்லது சில மதர்போர்டுகளில் உள்ளபடி அந்த ஸ்லாட்டும் வேறொரு ஸ்லாட்டும் ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கணினியை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கிவிட்டு, அட்டையை எடுத்து அதன் பொன்னிற முனைகளை மென்மையான ரப்பரால் லேசாகத் துடைத்து, தூசியை ஊதி, மறுபடியும் நேராக அழுத்திப் பொருத்துங்கள். வட இந்தியாவில் இருப்பவர்களுக்கு இங்கு ஓர் எச்சரிக்கை. சென்னையின் ஈரக்காற்றில் நாம் அறியாத ஒன்று, குளிர்காலத்தில் இங்கே கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று எழும் பொறி. அந்த நிலைமின்சாரம் நமக்கு ஒரு சுருக். சில்லுக்கு அதுவே முடிவாகிவிடலாம். கம்பளியைக் கழற்றி வைத்து, கணினிப் பெட்டியின் வெற்று உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டுப் பிறகு அட்டையைத் தொடுவது நல்லது.

வரி வந்திருக்கிறது என்றால், அதன் இறுதியில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் ஒரு முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு நிற்கும். முன் எண் சில்லைச் செய்த நிறுவனத்தின் குறி. பின் எண் சில்லின் வகை. 1106 என்றால் வியா, 1033 என்றால் பழைய என்.இ.சி., 1912 என்றால் ரெனசாஸ், 1பி21 என்றால் ஏஎஸ்மீடியா. இவை பதினாறு இலக்க முறையில் எழுதப்படுவதால் நடுவில் எழுத்தும் கலந்து வருகிறது. அட்டைப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வணிகப் பெயரைவிட இந்த எண்கள் ஆயிரம் மடங்கு பயனுள்ளவை. ஒரே பெயரில் விற்கும் அட்டைகளில் ஒரு தவணை ஒரு சில்லும் மறு தவணை வேறொரு சில்லும் இருப்பது இந்த வணிகத்தில் சாதாரணம்.

அதற்குக் கீழேயே, எந்த டிரைவர் இதை ஆள்கிறது என்ற வரி இருக்க வேண்டும். 3.0 வகை அட்டைகளுக்கு அங்கே எக்ஸ், ஹெச், சி, ஐ என்ற எழுத்துக்களோடு தொடங்கும் பெயர் தோன்றும். இது எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியதன்று, யூ.எஸ்.பி. கன்ட்ரோலர்கள் அனைத்தும் பின்பற்ற வேண்டிய பொதுவிதி ஒன்றின் பெயர். முற்காலத்தில் 1.1 வகைக்கு இரண்டு வேறு விதிகளும், 2.0 வகைக்கு மற்றொன்றும் இருந்தன. இந்தப் புதிய விதி எல்லா வேகத்தையும் தானே தாங்கிக்கொண்டது. லினக்ஸ் கெர்னலின் 2.6.31 என்ற பதிப்பு 2009 செப்டம்பரில் வெளிவந்தபோதே இதற்கான டிரைவர் அதில் அடங்கியிருந்தது. விண்டோஸ் அந்த ஆதரவைத் தன்னகத்தே பெற்றது 2012-இல் வந்த எட்டாம் பதிப்பில்தான். ஆகையால் அட்டையோடு ஒரு குறுந்தகடு வந்தால் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அதைத் தேடி அலைய வேண்டுவதில்லை.

ஆயினும் பொதுவிதிக்கும் சில்லுக்கும் இடையே சிறு பிணக்குகள் உண்டு. கெர்னலின் மூல நிரலைத் திறந்து பார்த்தால், இன்ன நிறுவனத்தின் இன்ன சில்லுக்கு இன்ன சலுகை என்று ஒரு நீண்ட பட்டியல் காணப்படும். பெண் வீட்டாரின் குணமறிந்து நடக்கும் சம்பந்தி போல, டிரைவர் ஒவ்வொரு சில்லின் குறையையும் அறிந்து நடக்கிறது. அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் வளர்ந்து வருவதால், பழைய கெர்னலில் தடுமாறும் அட்டை புதிய கெர்னலில் ஒழுங்காக ஓடுவது உண்டு. யூ, என், ஏ, எம், இ என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சிறு கோடும் ஆர் என்ற எழுத்தும் சேர்த்தால் நம் கெர்னலின் பதிப்பு எண் தெரியும். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவற்றை ஆண்டுக்கணக்காக மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு தனிச் சிக்கலை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இதை அறியாதவர்கள் நல்ல அட்டையைக் குப்பையில் எறிகிறார்கள். ரெனசாஸ் நிறுவனத்தின் 720201, 720202 என்ற இரண்டு சில்லுகள் தாமாக இயங்கமாட்டா. அவற்றுக்குள் ‘ஃபர்ம்வேர்’ என்ற ஒரு சிறு நிரல் ஏற்றப்பட வேண்டும். அட்டையைச் செய்தவர் ஒரு சிறிய நினைவகச் சில்லைப் பக்கத்தில் வைத்து அதிலே அந்த நிரலை எழுதியிருந்தால் கவலையில்லை. சில காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டிருந்தால், கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் டிரைவரே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். லினக்ஸில் இந்த ஏற்பாடு 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த 5.8 பதிப்பில் சேர்ந்தது. ஆனால் ஏற்றப்பட வேண்டிய கோப்பு கணினியில் இருக்க வேண்டுமே! இல்லையென்றால் ‘ரெனசாஸ் யூஎஸ்பி எஃப்டபிள்யூ’ என்ற பெயருடைய கோப்பை ஏற்ற இயலவில்லை, பிழை எண் கழித்தல் 2 என்று கெர்னல் எழுதி வைக்கும். கழித்தல் 2 என்பதற்கு அப்படி ஒரு கோப்பு இல்லை என்பதே பொருள். அக்கோப்பைப் பெற்று, லிப் என்ற அடைவின் கீழுள்ள ஃபர்ம்வேர் அடைவில் வைத்து, கணினியை மறுபடி தொடங்கினால் அட்டை உயிர் பெறும். என் அட்டையில் இருந்தது வேறு வகைச் சில்லு. ஆகவே இந்த மதகை நான் தடையின்றிக் கடந்துவிட்டேன்.

கெர்னல் எழுதி வைக்கும் என்றேன். அது எழுதும் நாட்குறிப்பைப் படிக்கப் பழகியவருக்குப் பாதி வேலை முடிந்தது. டி, எம், இ, எஸ், ஜி என்ற எழுத்துக்களை அடித்தால் அது திரையில் ஓடும். நிர்வாகி உரிமையோடு அடிக்க வேண்டியிருக்கலாம். கூடவே ஒரு சிறு கோடும் டபிள்யூ என்ற எழுத்தும் சேர்த்தால், அது மூடிக்கொள்ளாமல் காத்திருந்து, நாம் எதையாவது செருகும்போதும் பிடுங்கும்போதும் உடனுக்குடன் வரிவரியாக எழுதிக் காட்டும். டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் திரையைப் பார்த்தவாறே செருகுவதுதான் எனக்குத் தெரிந்தவரையில் மிகச் சிறந்த பரிசோதனை. அதில் வரும் எண்களில் இரண்டை நினைவில் வைத்தால் போதும். கழித்தல் 71 என்றால், பேச்சு நடுவில் சிதைந்துவிட்டது; பெரும்பாலும் கேபிள், இணைப்பு, மின்சாரம் ஆகியவற்றில் குறை. கழித்தல் 110 என்றால், கேட்ட கேள்விக்குக் குறித்த நேரத்தில் பதில் வரவில்லை. ‘ஓவர் கரன்ட்’ என்ற சொல் வந்தால், போர்ட் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கப்படுவதாக அட்டை முறையிடுகிறது.

என் திரையில் டிஸ்க் வந்ததாக ஒரு வரி, கழித்தல் 71 என்று சில வரிகள், துண்டிக்கப்பட்டதாக ஒரு வரி, மீண்டும் வந்ததாக ஒரு வரி என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது. டிக், டிக் என்ற ஒலியும் அதே தாளத்தில். வேறு கேபிளை மாற்றிப் பார்த்தேன், மாறுதல் இல்லை. மவுஸும் பென் டிரைவும் இயங்குகின்றன, சுழலும் டிஸ்க் மட்டும் இயங்கவில்லை என்ற செய்தியை இதோடு சேர்த்து வைத்தபோது, மின்சாரத்தின்மேல் ஐயம் விழுந்தது.

கணக்கைப் பாருங்கள். யூ.எஸ்.பி. 3.0 விதிப்படி ஒரு போர்ட் 5 வோல்ட் அழுத்தத்தில் 900 மில்லி ஆம்பியர் தர வேண்டும், அது 4.5 வாட். நான்கு போர்ட்டுகளுக்கு 18 வாட். மதர்போர்டின் சிறிய ஸ்லாட்டில் அமரும் இத்தகைய அட்டைக்குப் பொதுவாகக் கணக்கிடப்படுவது 10 வாட்தான். மேலும் அந்த ஸ்லாட்டில் 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் உண்டே தவிர 5 வோல்ட் கிடையாது. எனவே அட்டை செய்பவர்கள் 12 வோல்ட்டை 5 ஆக மாற்றும் சுற்று ஒன்றை அட்டையிலேயே வைக்கிறார்கள், அல்லது கணினியின் மின்வழங்கியிலிருந்து நேராக ஒரு கேபிளைச் செருகுவதற்கு அட்டையின் பின்கோடியில் ஒரு சாக்கெட் வைக்கிறார்கள். கணினியைத் திறந்து பார்த்தேன். ஹார்டு டிஸ்க்குகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா வகைச் சாக்கெட் ஒன்று, பதினைந்து முனைகளோடு, அட்டையின் ஓரத்தில் வெறுமையாக இருந்தது! பொருத்தியது நான், அதைக் கவனியாமல் விட்டதும் நான். மவுஸ் இழுப்பது மிகச் சிறிய அளவு மின்சாரம்; ஸ்லாட்டிலிருந்து கசிந்தது அதற்குப் போதுமானதாக இருந்தது. கையடக்க டிஸ்க்கோ, உள்ளேயுள்ள தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில், பின்னர் ஓடும்போது தேவைப்படுவதைக் காட்டிலும் மிகுதியாக இழுக்கும். கிடைக்காதபோது நின்றுவிடும், மறுபடி முயலும். அந்த முயற்சியின் ஒலியைத்தான் டிஸ்க்கின் மரண ஒலி என்று கடையில் எண்ணிவிட்டார்கள்.

மின்வழங்கியில் மிச்சமிருந்த ஒரு சாட்டா இணைப்பை அதிலே செருகினேன். டிஸ்க் ஒரே முயற்சியில் எழுந்தது. மின்வழங்கியில் மிச்சம் இல்லாதவர்கள், பழைய நான்கு முனை இணைப்பைச் சாட்டாவாக மாற்றும் சிறு கேபிளை வாங்க நேரும். அவற்றில் கம்பிகளைச் சேர்த்து மொத்தமாகப் பிளாஸ்டிக்கில் வார்த்த வகை உள்ளே குறுக்குச் சுற்று ஏற்பட்டு எரிந்துபோவதுண்டு. கம்பிகள் தனித்தனியே கவ்வப்பட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள்.

எழுந்த டிஸ்க் என்ன வேகத்தில் பேசுகிறது என்று பார்ப்பது அடுத்த வேலை. எல், எஸ், யூ, எஸ், பி என்று அடித்துச் சிறு கோடும் டி என்ற எழுத்தும் சேர்த்தால், மரத்தின் கிளைகள் போல் எந்தச் சாதனம் எந்த வழியில் தொங்குகிறது என்று தெரியும். வரியின் முடிவில் 5000 என்றிருந்தால் 3.0 வேகம், 480 என்றிருந்தால் 2.0 வேகத்துக்கு இறங்கிவிட்டது. 3.0 செருகியில் பழைய நான்கு முனைகளோடு புதியவை ஐந்து உண்டு. செருகியை மெல்ல மெல்லத் தள்ளினால் முன்னால் உள்ள நான்கும் முதலில் தொட்டு, பழைய வேகத்திலேயே உடன்பாடு முடிந்துவிடுவது உண்டு. ஒரே அழுத்தில் செருகினால் சரியாகும். கம்பியில்லா மவுஸ் வைத்திருப்பவர்கள், டிஸ்க் நகலெடுக்கும் வேளையில் மவுஸ் தடுமாறுவதைக் கண்டால் அஞ்ச வேண்டாம். 3.0 இணைப்பு எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்கியிருக்கிறது. மவுஸின் சிறு ஏற்பியை வேறு போர்ட்டுக்குத் தள்ளி வைத்தால் போதும்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் டிஸ்க்கைப் பிடுங்கி வைத்துவிட்டு அலுவலகம் சென்று, மாலையில் வந்து மறுபடி செருகினால், எந்த அசைவும் இல்லை. டிக் ஒலியும் இல்லை. மவுஸைச் செருகினாலும் விளக்கு எரியவில்லை. கணினியை அணைத்துத் தொடங்கினால் எல்லாம் சரி. பிடுங்கிச் சிறிது நேரம் கழித்துச் செருகினால் மீண்டும் மௌனம். நாட்குறிப்பில், கன்ட்ரோலர் பதில் தரவில்லை, இறந்துவிட்டதாகக் கொள்கிறேன் என்ற கருத்துள்ள வரி. படித்தவுடன் மனம் சோர்ந்தது உண்மை. ஆனால் இறந்தவர் ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்து உட்கார்வாரா? போர்ட்டுகளில் எதுவும் இல்லாத நேரத்தில் மட்டும் இது நேர்கிறது என்பதை மூன்று நாள் குறித்துவைத்துப் பார்த்தபின், இது மரணமன்று, உறக்கம் என்று தெளிந்தேன்.

சில மாதங்களுக்கு முன், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கென்று ஒரு சிக்கன நிரலை நானே என் கணினியில் சேர்த்திருந்தேன். அது மடிக்கணினிகளுக்கு நல்லது. வேலையில்லாத சாதனங்களையெல்லாம் தூங்கச் செய்வது அதன் தொழில். அட்டையின் கன்ட்ரோலரும் தூங்கிற்று. ஆனால் எழுப்பும்போது எழத் தெரியவில்லை. எல்லாச் சில்லுகளும் இதில் தேர்ந்தவை அல்ல என்பதால், இத்தகைய தனி அட்டைகளைப் பெரும்பாலும் தூங்கவிடாமல் வைப்பதே கெர்னலின் இயல்பு. அந்த இயல்பைச் சிக்கன நிரல் மாற்றிவிட்டது. லினக்ஸில் சாதனங்களின் நிலையெல்லாம் ‘சிஸ்’ என்ற அடைவின் கீழே சிறு சிறு கோப்புகளாகத் தெரியும். அட்டையின் முகவரியில் ‘பவர்’ என்ற அடைவில் ‘கன்ட்ரோல்’ என்ற கோப்பைத் திறந்தேன். ‘ஆட்டோ’ என்றிருந்தது; அஃதாவது தூங்கலாம் என்ற அனுமதி. அங்கே ‘ஆன்’ என்று எழுதினேன். அன்று மாலை டிஸ்க்கைப் பிடுங்கி, இரண்டு மணி நேரம் கழித்துச் செருகினேன், விழித்தே இருந்தது. பிறகு சிக்கன நிரலின் அமைப்பில் இந்த அட்டையின் முகவரியை விலக்கு அளிக்கப்பட்டவற்றுள் சேர்த்தேன். ஏற்கெனவே உறங்கிவிட்ட அட்டையைக் கணினியை அணைக்காமல் எழுப்பவும் ஒரு வழி உண்டு. அதே முகவரியில் ‘ரிமூவ்’ என்ற கோப்பில் ஒன்று என்ற எண்ணை எழுதி, பின்னர் பி.சி.ஐ. அடைவில் ‘ரீஸ்கேன்’ என்ற கோப்பிலும் ஒன்று என்று எழுதினால், அட்டையைப் பிடுங்கிப் புதிதாகப் பொருத்தியதாகக் கெர்னல் எடுத்துக்கொள்ளும். சில வேளை பலிக்கும். சில வேளை பலிக்காது.

எனக்கு நேராத இரண்டை மட்டும் சுருக்கமாகக் கூறுகிறேன். நாட்குறிப்பில் ‘பேஜ் ஃபால்ட்’ என்ற சொற்களும் ஐ, ஓ, எம், எம், யூ என்ற எழுத்துக்களும் அருகருகே வந்தால், சாதனங்கள் நினைவகத்தைத் தொடுவதைக் காவல் காக்கும் பகுதிக்கும் அட்டைக்கும் ஒத்துவரவில்லை என்று கொள்ள வேண்டும். பயோஸைப் புதுப்பிப்பதும், அப்பகுதியைத் தளர்த்தும் கட்டளையைக் கணினி தொடங்கும் வரியில் சேர்ப்பதும் இதற்கு வழி. மற்றொன்று, டிஸ்க் பெட்டியின் குறை. ‘யூ, ஏ, எஸ்’ என்னும் விரைவு முறையில் பேச இசைந்துவிட்டு நடுவே தவறும் பெட்டிகள் சில உண்டு. அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் பழைய முறையையே கையாளும்படி கெர்னலுக்குச் சொல்லலாம். வேகம் சற்றுக் குறையும், கோப்பு பிழைக்கும். இவ்விரண்டிலும் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு தடவைக்கு மட்டும் செய்து பார்த்து, பயன் தெரிந்த பிறகே நிலையாக எழுத வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். நான் கேபிளையும் மின் இணைப்பையும் ஒன்றாக மாற்றியிருந்தால், இன்றைக்கும் கேபிளைத்தான் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

எழுநூறு ஜி.பி.யும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டே கால் மணி நேரத்தில் புதிய டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த நகலை நாகபுரியில் உள்ள என் தங்கைக்கு அஞ்சலில் அனுப்பினேன். அம்மாவின் நடவுப் பாட்டில் மூன்றாவது அடியில் ஒரு சொல்லை நான் பல ஆண்டுகளாகத் தவறாகக் கேட்டுவந்திருக்கிறேன் என்று அவள் தொலைபேசியில் திருத்தினாள். மாமாவுக்கும் அதைப் போட்டுக் காட்டினேன். அவர் பாட்டைக் கேட்டு முடித்துவிட்டு, பழைய கேபிளை எங்கே வைத்தாய் என்று கேட்டார்.